முன்னாள் வேறு, முந்தையவர் வேறு, மாமா!

சோலிஹல்,
பர்மிங்காம் பக்கம்.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சின்னவன் இந்த ஊர்க் கம்பெனி ஒன்றுக்கு எழுதியிருக்கும் விண்ணப்பமும் அதன் ஓரத்தில் நீங்கள் எழுதியிருந்த கேள்வியும் வந்து சேர்ந்தன. "ப்ரீவியஸ், ஃபார்மர், ப்ரையர், எக்ஸ், லேட் என்று ஒரே பக்கத்தில் ஐந்து விதமாக எழுதியிருக்கிறான். எல்லாம் ‘முன்னாடி’தானே? வெள்ளைக்காரனுக்கு வேறு வேலையே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை உண்டு, மாமா. மழையைப் பற்றிப் பேச வேண்டும், க்யூவில் நிற்க வேண்டும், தன் காலை மிதித்தவனிடம் தானே ஸாரி சொல்ல வேண்டும். அப்படியும் நேரம் மிஞ்சித்தான் இத்தனை ‘முன்னாடி’களைச் செய்து வைத்திருக்கிறார்கள். நானும் இங்கே வந்த புதிதில் இதையெல்லாம் வெறும் பகட்டு என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன், ஒப்புக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் பாடு.

இந்தச் சொற்களெல்லாம் காலத்தைக் குறிக்கின்றன என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஒன்று போதும், மற்றவை தண்டம். ஆனால் அவை காலத்தைக் குறிக்கவில்லை, முறையைக் குறிக்கின்றன. கல்யாண வீட்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறோம் அல்லவா, அதே கேள்விதான். முன்னால் இருந்தது, பின்னால் வந்ததற்கு என்ன வேணும்? அப்பாவின் அண்ணன், அப்பாவின் தம்பி, அம்மாவின் தம்பி, அத்தை வீட்டுக்காரர், சித்தி வீட்டுக்காரர் அத்தனை பேரையும் இவர்கள் ‘அங்கிள்’ என்ற ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது, யார் சீர் கொண்டு வருவது என்ற கவலை இங்கே இல்லை. அதனால் சொல்லும் இல்லை. நாமோ பழைய கம்பெனி, பழைய மேனேஜர், பழைய அட்ரஸ், பழைய பாக்கி என்று எல்லாவற்றையும் ‘பழைய’ என்ற மூட்டையில் கட்டுகிறோம். ஆளுக்கொரு இடத்தில் தாராளம், ஆளுக்கொரு இடத்தில் கஞ்சத்தனம். தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் வித்தியாசம் தெரிந்த எவருக்கும் ப்ரீவியஸுக்கும் ஃபார்மருக்கும் வித்தியாசம் புரியாமல் போகாது.

நமக்குத் தெரிந்த சங்கதியிலிருந்தே தொடங்குகிறேன். 1898-இல் பர்மிங்காமில் தொடங்கிய நார்ட்டன் மோட்டார் சைக்கிள் கம்பெனியை 2020 ஏப்ரலில் நம் ஓசூர் டி.வி.எஸ். ஒரு கோடியே அறுபது லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. இப்போது அது இயங்குவது இதே சோலிஹல்லில்தான். அந்தக் கம்பெனி அதற்கு முன் எத்தனையோ கை மாறியது. அசோசியேட்டட் மோட்டார் சைக்கிள்ஸ் வைத்திருந்தது, பிறகு நார்ட்டன் வில்லியர்ஸ் ஆனது, பிறகு ட்ரையம்ஃபையும் சேர்த்துக்கொண்டது. அதற்கு அப்புறமும் பலர். இவர்கள் எல்லோருமே ‘ஃபார்மர்’ ஓனர்கள். ஆனால் ‘தி ப்ரீவியஸ் ஓனர்’ என்றால் ஒரே ஒருவர்தான்: டி.வி.எஸ்.ஸுக்குச் சாவியைக் கொடுத்தவர். ப்ரீவியஸுக்கு வரிசையில் இடம் முக்கியம். தோளோடு தோள் ஒட்டி நின்றாக வேண்டும். ஃபார்மருக்கு வரிசை பற்றிய கவலை இல்லை. ஒரு காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இப்போது இல்லை, அவ்வளவுதான். 2022-இல் லிஸ் ட்ரஸ் செப்டம்பர் 6-ஆம் தேதி பிரதமராகி அக்டோபர் 25-ஆம் தேதி வீட்டுக்குப் போனார். அந்த ஏழு வாரத்துக்கு ‘ப்ரீவியஸ் பிரைம் மினிஸ்டர்’ போரிஸ் ஜான்சன். அவர் போன அன்றைக்கே அந்தப் பட்டம் ட்ரஸ்ஸுக்குப் போய்விட்டது. ஜான்சன் வெறும் ஃபார்மர் ஆகி, தெரஸா மே, டேவிட் கேமரூன் உட்கார்ந்திருந்த பெஞ்சில் போய்ச் சேர்ந்தார். ப்ரீவியஸ் என்பது பறிபோகக்கூடிய பட்டம். ஃபார்மர் ஆயுசுக்கும் நிற்கும், மறுபடி அதே நாற்காலி கிடைத்தால் ஒழிய.

இதற்கு இந்த ஊர் ஆட்களைத் தேடுவானேன்? தொரப்பள்ளிக்காரர் இருக்கிறாரே. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்த ராஜாஜியை வைத்து இந்தப் பாடம் முழுவதையும் நடத்திவிடலாம். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமர், 1939-இல் விலகல். 1948-இல் கவர்னர் ஜெனரல். அந்த நாற்காலியில் அவருடைய ‘ப்ரிடிசெஸர்’ மவுண்ட்பேட்டன். ஆனால் அவருக்குப் பின் வந்தவர் என்று யாரும் இல்லை, ஏனென்றால் 1950 ஜனவரி 26-ஆம் தேதி நாற்காலியையே தூக்கிவிட்டார்கள். ராஜேந்திர பிரசாத் அவருக்கு அடுத்து வந்தவர்தான், ஆனால் வேறு நாற்காலியில் வந்தவர். ப்ரிடிசெஸர் என்ற சொல்லுக்கு ஆள் மட்டும் போதாது, நாற்காலியும் அதேயாக இருக்க வேண்டும். 1952-இல் அவர் சென்னை முதலமைச்சராக வந்தபோது முன்னாள் கவர்னர் ஜெனரலும் இன்னாள் முதலமைச்சரும் ஒரே வேட்டியில் இருந்தார்கள். அந்தப் பதவியில் அவருக்கு முந்தையவர் குமாரசாமி ராஜா. 1954-இல் பின் வந்தவர் காமராஜர். ஒரே மனிதரைச் சுற்றி இத்தனை உறவு. ‘பழைய’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘ஃபார்மர்’ என்று தமிழ் நாக்கில் சொன்னால் விவசாயியும் அதுதான், முன்னாளும் அதுதான். பாகலூர்ப் பக்கம் ரோஜா பயிரிடும் ஃபார்மர் ஒருவர் கவுன்சிலராகித் தோற்றும் போனால் அவரை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதை உங்களிடமே விடுகிறேன். இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் நம் ஊரில் ‘எக்ஸ்’ போடுகிறார்களோ என்னவோ: எக்ஸ் எம்.எல்.ஏ., எக்ஸ் சேர்மன், எக்ஸ் சர்வீஸ்மேன். இவற்றை இங்கேயும் புரிந்துகொள்வார்கள். ஆனால் பின்னால் எதையும் ஒட்டாமல் ‘என் எக்ஸ்’ என்று சொன்னால், விட்டுப் போன கணவன் அல்லது மனைவி அல்லது காதலி என்று மட்டுமே பொருள். கம்பெனிகளுக்கு இடையிலான கூட்டு முறிந்ததைச் சொல்லும்போதுகூடக் கவனம் வேண்டும். டி.வி.எஸ்.ஸும் சுஸுகியும் 2001-இல் பிரிந்ததைச் சொல்ல ‘ஃபார்மர் பார்ட்னர்’ என்றால் வியாபாரம். ‘எக்ஸ் பார்ட்னர்’ என்றால் குழந்தை யாரிடம் வளர்கிறது என்று கேட்பார்கள். இத்தனைக்கும் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் நாள் முழுக்க இன்வாய்ஸில் புழங்குகிற ‘எக்ஸ் ஒர்க்ஸ்’, வண்டி வாங்கப் போனால் காதில் விழும் ‘எக்ஸ் ஷோரூம் விலை’ எல்லாம் இதே எக்ஸ்தான். லத்தீனில் அதற்கு ‘வெளியே’ என்று பொருள். பொருள் ஃபேக்டரியை விட்டு வெளியே, எம்.எல்.ஏ. சட்டசபையை விட்டு வெளியே. ஜி.எஸ்.டி. மட்டும் எப்போதும் உள்ளே.

ப்ரீவியஸைத் தனியாக விட்டாலும் ஆபத்து உண்டு. "அவனுக்கு ப்ரீவியஸ் இருக்கிறது" என்று இங்கே பேச்சுவழக்கில் சொன்னால் அனுபவசாலி என்று அர்த்தம் இல்லை, போலீஸ் ரெக்கார்டில் பழைய கேஸ் இருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் அதையே ‘ப்ரையர்ஸ்’ என்கிறார்கள். சின்னவன் நேர்காணலில் "எனக்கு நிறைய ப்ரீவியஸ் உண்டு" என்று பெருமையாகச் சொல்லிவிடக் கூடாது. இதற்கு அண்ணன் ‘ஆன்டிசிடென்ட்ஸ்’. பாஸ்போர்ட்டுக்கு நம் ஊர் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருகிறார்களே, அந்தக் காகிதத்தில் ‘கேரக்டர் அண்ட் ஆன்டிசிடென்ட்ஸ்’ என்றுதான் இருக்கும். இங்கேயும் கோர்ட்டில் தண்டனை சொல்வதற்கு முன் குற்றவாளியின் ஆன்டிசிடென்ட்ஸை வாசிப்பார்கள். இலக்கண வாத்தியாருக்கோ அதே சொல், ‘அவன்’, ‘அது’ என்ற சுட்டு எந்தப் பெயரைத் திரும்பிப் பார்க்கிறதோ அந்தப் பெயரைக் குறிக்கும். மூன்றிலும் பொதுவானது என்ன? முன்னால் இருப்பதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் இருப்பது விளங்கும். ப்ரீவியஸ் வெறும் பக்கத்து வீடு, ஆன்டிசிடென்ட் வம்சம்.

‘ப்ரையர்’ இன்னொரு ஜாதி. அது முன்னால் வருவதோடு நிற்காது, உரிமையும் கொண்டாடும். ப்ரையர் பெர்மிஷன் என்றால் அது கைக்கு வராமல் காரியத்தைத் தொடக் கூடாது. ப்ரையர் கமிட்மென்ட் என்றால் முதலில் ஒப்புக்கொண்டதற்கே முதல் மரியாதை. பேட்டன்ட் கேட்டுப் போனால் ‘ப்ரையர் ஆர்ட்’ என்று ஒன்று எழுந்து வந்து வழியை மறிக்கும். இந்த யுக்தி ஏற்கெனவே உலகத்துக்குத் தெரியும், உனக்கு உரிமை கிடையாது என்று. பழைய கிறிஸ்தவ மடங்களில் பொறுப்பாளருக்கே ‘ப்ரையர்’ என்றுதான் பெயர், இங்கே பக்கத்தில் கோவென்ட்ரியில் அப்படி ஒரு மடம் இருந்தது. முதலில் நிற்பவன் பெரியவன் என்ற எண்ணம் நமக்குப் புதிதா என்ன? முதலாளி, முதலியார், முதல்வர் எல்லோரும் அந்த ‘முதல்’ கொடுத்த பதவியில்தான் இருக்கிறார்கள்.

"இவ்வளவு துல்லியம் என்றால் நம் சட்டப் புத்தகத்தில் ஏன் அப்படி இல்லை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1988-இன் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு, அதிகாரி மீது வழக்குத் தொடர ‘ப்ரீவியஸ் சாங்ஷன்’ வேண்டும் என்கிறது. நான் மேலே சொன்ன கணக்கில் அது ‘ப்ரையர்’ ஆக இருந்திருக்க வேண்டும். 1897-இன் ஜெனரல் கிளாசஸ் சட்டமும் விதிகளை முன்கூட்டியே வெளியிடுவதை ‘ப்ரீவியஸ் பப்ளிகேஷன்’ என்றுதான் சொல்கிறது. இது என் வாதத்தில் ஓட்டைதான், மறைக்கவில்லை. ஆனால் அது வெள்ளைக்காரன் போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் எழுதிவிட்டுப் போன நடை; அப்போது ப்ரீவியஸ் இரண்டு வேலையும் பார்த்தது. அவன் நாட்டில் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், நாம் மட்டும் பழைய டைப்பை வைத்தே அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். சொற்கள் இடம் மாறும் என்பதற்கு இது சாட்சி, வித்தியாசமே இல்லை என்பதற்கு அல்ல.

சட்டம் என்றதும் வருமான வரி ஞாபகம் வருகிறது. இதைவிட அழகான உதாரணம் உலகத்தில் கிடையாது. 1961-இன் வருமான வரிச் சட்டம், நாம் சம்பாதிக்கும் வருஷத்துக்கு ‘ப்ரீவியஸ் இயர்’ என்று பெயர் வைத்தது. அசெஸ்மென்ட் வருஷத்துக்கு ‘இமீடியட்லி ப்ரிசீடிங்’, அதாவது ஒட்டினாற்போல் முன்னால் வரும் நிதியாண்டு என்று விளக்கமும் கொடுத்தது. 2025 ஏப்ரலில் சம்பளம் வாங்கியவன், வாங்கும்போதே ப்ரீவியஸ் இயரில் இருந்தான். நடப்பு வருஷத்தில் நின்றுகொண்டே ‘சென்ற வருஷம்’ என்று ஃபார்ம் நிரப்பிய தொழிலாளிகளும் தலையைச் சொறிந்த அக்கவுன்டன்டுகளும் சிப்காட்டில் எத்தனை பேர்! கடைசியில் 2025-இன் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் ‘டாக்ஸ் இயர்’ என்று ஒரே பெயராக்கி வைத்தது. ஆனால் பழைய பெயர் தப்பு இல்லை, மாமா. ப்ரீவியஸ் உங்களுக்கு முந்தையது என்று யார் சொன்னது? அசெஸ்மென்ட் இயருக்கு முந்தையது. மாமா என்றால் யாருக்கு மாமா என்று கேட்க வேண்டும் இல்லையா? அதைக் கேட்காமல் விட்டதுதான் அறுபது வருஷக் குழப்பம்.

யாருக்கு முன் என்பது போலவே எந்தப் பக்கம் பார்த்து முன் என்பதும் முக்கியம். இதில் நம் எல்லைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. தமிழில் ‘முந்தின ஸ்டாப்’ என்றால் தாண்டி வந்த ஸ்டாப். ஜுஜுவாடி செக்போஸ்ட்டைக் கடந்து அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் அதே ‘முந்தின’ கன்னடத்தில் இனி வரப்போகும் ஸ்டாப் ஆகிவிடுகிறது. பொம்மசந்திரா வரை வந்துவிட்ட பெங்களூர் மெட்ரோவில் ‘முந்தின நில்தாண’ என்று அறிவித்தால் அடுத்த ஸ்டேஷன். ‘முந்தின வார’ என்றால் அடுத்த வாரம். போன வாரம் வேண்டுமென்றால் ‘ஹிந்தின’, அதாவது பின்னால் கிடப்பது. இரண்டு மொழிக்கும் வேர் ஒன்றுதான், பார்வைதான் வேறு. தமிழன் வரிசையைப் பார்க்கிறான், முந்திக்கொண்டு போனது முந்தினது. கன்னடத்துக்காரர் தன் மூக்குக்கு முன்னால் பார்க்கிறார், எதிரே வருவது முந்தினது. மெட்டீரியல் ‘முந்தின திங்கட்கிழமை’ லோடு ஆகும் என்று ஒரு சப்ளையர் போனில் சொன்னால், எந்த மொழியில் சொன்னார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இது நம் பக்கத்துக் கோளாறு மட்டும் என்று நினைக்க வேண்டாம். "புதன்கிழமை மீட்டிங் இரண்டு நாள் ஃபார்வர்ட் ஆகிவிட்டது, எந்தக் கிழமை வரவேண்டும்?" என்று லெரா பொரொடிட்ஸ்கி என்ற ஆய்வாளர் ஆங்கிலம் பேசுகிறவர்களையே கேட்டுப் பார்த்தார். ஏறக்குறையப் பாதிப் பேர் திங்கள் என்றார்கள், பாதிப் பேர் வெள்ளி என்றார்கள். மைக்கேல் ராம்ஸ்கருடன் அவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வேடிக்கை: அப்போதுதான் விமானத்தில் வந்து இறங்கியவர்களும் ரயிலில் ஊரை நெருங்கிக்கொண்டிருந்தவர்களும் வெள்ளிக்கிழமை என்று சொல்வது அதிகம். பயணத்தில் இருக்கிறவனுக்குத் தான் போகும் திசைதான் முன். இங்கேதான் நம் ‘ப்ரீபோன்’ ஜெயிக்கிறது. போஸ்ட்போன் இருக்கும்போது ப்ரீபோன் ஏன் இருக்கக் கூடாது என்று இந்தியன் புழங்கிப் பரப்பிய சொல், ஆக்ஸ்போர்டு அகராதிக்குள்ளும் ஏறிவிட்டது. இங்கே சிலர் அதைக் கேட்டு உதட்டோரம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ப்ரீபோன் என்று சொல்லி எந்த இந்தியனும் வெள்ளிக்கிழமை வந்து நின்றதில்லை.

எல்லா இடத்திலும் நாம் ஜெயிப்பதில்லை. ‘எர்ஸ்ட்வைல்’, அதாவது ‘முன்னாள்’, என்ற சொல்லை நம் ஆபீஸ்களில் இன்னும் கோட்டும் டையும் போட்டு உட்கார வைத்திருக்கிறோம்: எர்ஸ்ட்வைல் தருமபுரி டிஸ்ட்ரிக்ட். இங்கே அதைக் கேட்டால் தாத்தாவின் மூக்குப்பொடி டப்பியைப் பார்த்த மாதிரி புன்னகைப்பார்கள். அதைவிட முக்கியம், தருமபுரி மாவட்டம் ஒழிந்துபோனது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒழியவில்லையே! சேலத்திலிருந்து 1965-இல் தருமபுரி பிரிந்தது, தருமபுரியிலிருந்து 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி கிருஷ்ணகிரி பிரிந்தது, மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. இதற்குத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘ஒருங்கிணைந்த தருமபுரி மாவட்டம்’ என்று சரியாகப் போடுகின்றன. பங்காளிகள் பாகம் பிரிந்ததைச் சொல்லி வந்த மொழிக்கு அது தெரியாமல் இருக்குமா? அதேபோல் ‘ஓல்டு’ வேறு, ‘ஃபார்மர்’ வேறு. கிருஷ்ணகிரிப் பழையபேட்டை இன்னும் பேட்டைதான், அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஓசூர் நகராட்சிதான் ஃபார்மர். 2019-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. லிட்டில் இங்கிலாந்து என்று ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த நாட்களில், சேலம் கலெக்டர் ஒருவர் இந்தப் பக்கத்துக் கெனில்வொர்த் கோட்டையின் பெயரிலேயே ஓசூரில் ஒன்று கட்டினாரே, அதுவும் ஃபார்மர். இங்குள்ள அசல் கோட்டையை 1649-இல் பாதி இடித்துப் போட்டார்கள், ஆனாலும் அது இன்றைக்கும் ‘காசல்’தான், டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். காசு வசூலாகிற வரை எதுவும் இங்கே ஃபார்மர் ஆகாது.

நம் ஊர்ப் பெயரே இந்த விளையாட்டில் இருக்கிறது. ஹொஸ ஊர் என்றால் கன்னடத்தில் புது ஊர். புதியது என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தால் பழையது ஒன்று இருந்தாக வேண்டும். கல்வெட்டுகள் அதைச் செவிடபாடி என்கின்றன. ஆக ‘புது ஊர்’ என்ற பெயரே பல நூறு வருஷப் பழசு. டைட்டன் வாட்சஸ் என்று 1984-இல் தொடங்கிய கம்பெனி டைட்டன் இண்டஸ்ட்ரீஸ் ஆகி, 2013-இல் டைட்டன் கம்பெனி ஆனபோது ‘ஃபார்மர்லி நோன் ஆஸ்’ என்று அடிக்குறிப்புப் போட வேண்டியிருந்தது. ஓசூருக்கு அப்படி யாரும் போடவில்லை. செவிடபாடியின் காதில் எதுவும் விழுந்திருக்காது என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

இன்னொரு மறுப்பும் வரும், அது கொஞ்சம் பலமானது. இந்த வித்தியாசமெல்லாம் நுணுக்கம் அல்ல, வர்க்கம். பிஃபோர், ஃபார்மர் எல்லாம் மண்ணின் சொற்கள். ப்ரீவியஸ், ப்ரையர், ஆன்டிசிடென்ட் எல்லாம் படித்தவன் லத்தீனிலிருந்து இறக்கியவை. ஒரே பொருளுக்கு ஏழை வீட்டில் ஒரு சொல், பணக்காரன் வீட்டில் ஒரு சொல். ‘சோறு’, ‘சாதம்’ கதைதான். ஓரளவு இதை ஒப்புக்கொள்கிறேன். ‘ப்ரையர் டு’ என்று எழுதுகிறவன் பெரும்பாலும் ‘பிஃபோர்’ என்பதற்கே கோட்டு மாட்டுகிறான். எளிய ஆங்கிலத்துக்காக இங்கே 1979 முதல் இயங்கும் ப்ளெய்ன் இங்கிலீஷ் கேம்பெய்ன் அதை வெட்டிப் போடச் சொல்கிறது. ஆனால் வந்த வழி எதுவானாலும், ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து குடியிருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். சொற்களும் அப்படித்தான். ‘ப்ரையர் பெர்மிஷன்’ என்ற இடத்தில் பிஃபோரை உட்கார வைக்க முடியாது. இங்கே செகண்ட்-ஹாண்ட் கார் விளம்பரம் ‘டூ ப்ரீவியஸ் ஓனர்ஸ்’ என்கிறது, அரசாங்கத்தின் ஆர்.சி. புத்தகம் அதே கணக்கை ‘ஃபார்மர் கீப்பர்ஸ்’ என்கிறது, அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டால், பன்மையில் ஒன்றுதான். எல்லோரையும் கூட்டமாக நிறுத்தினால் யார் கடைசி என்பது தெரியாது. ஒருமையில் வாருங்கள், பிரிந்துவிடும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை என்பதற்கு உங்கள் ஃபேக்டரியின் ஷாப் ஃப்ளோரே போதும். ரிஜெக்‌ஷன் ஆனால் யார் காரணம்? முந்தின ஷிஃப்ட். சி ஷிஃப்டைக் கேட்டால் பி ஷிஃப்ட், பி ஷிஃப்டைக் கேட்டால் ஏ ஷிஃப்ட், ஏ ஷிஃப்டைக் கேட்டால் நேற்றைய சி ஷிஃப்ட். முன்னால் இருந்ததாலேயே அது காரணம் ஆகிவிடுகிறது. கஸ்டமர் ‘ஃபைவ் ஒய்’ என்று ஐந்து முறை ‘ஏன்’ கேட்டுக் குடைவது எதற்காக? ப்ரீவியஸாக இருந்தது எது, ப்ரிகர்ஸராக இருந்தது எது என்று பிரிப்பதற்காகத்தான். ப்ரிகர்ஸர் என்றால் அதிலிருந்துதான் இது முளைத்தது. ரசாயனத்தில் ஒரு பொருள் வினைபுரிந்து இன்னொன்றாக மாறினால் முதல் பொருளுக்கு அந்தப் பெயர். மொபெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புனேயில் 1972-இல் வந்த லூனா நம் டி.வி.எஸ். 50-க்கு ஃபோர்ரன்னர், அதாவது முன்னால் ஓடி வழிகாட்டியது; ரத்த சம்பந்தம் இல்லை. ஓசூரில் 1980-இல் வந்த டி.வி.எஸ். 50, இன்றைய எக்ஸ்.எல்.லுக்கு ப்ரிடிசெஸர், ஒரே வம்சம், ஒரே கேரியர், பின்னால் அதே இரண்டு பால் கேன். ரிப்போர்ட்டில் இவற்றையெல்லாம் ‘முன்னாடி’ என்று ஒரே வரியில் எழுதினால் பழி மட்டும் சுற்றிச் சுற்றி வரும், கோளாறு மெஷினிலேயே இருக்கும்.

தமிழுக்கு இந்த நுணுக்கம் இல்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நன்னூல் எடுத்த எடுப்பில் செய்யும் காரியமே, நூலுக்கு முன் வரும் பகுதியின் பெயர்களை அடுக்குவதுதான். பாயிரத்தையும் சேர்த்து எட்டு. அதை எழுதச் சொன்ன சீயகங்கன் கோலாரைத் தன் பட்டப்பெயரில் தாங்கிய கங்கர் குலத்தவன். கிட்டத்தட்ட நம் பக்கத்து ஆள். அணிந்துரை இன்னொருவர் எழுதுவது, முன்னுரை ஆசிரியரே எழுதுவது என்று புத்தகம் போடும் எவருக்கும் இன்றும் தெரியும். இங்கே அந்த வித்தியாசத்தை ஃபோர்வேர்ட், ப்ரிஃபேஸ் என்று கற்பிக்க வேண்டியிருக்கிறது. முன்னோர், முன்னவர், முன்னோடி, மூத்தோர், முந்தையோர் எல்லாம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. நாம்தான் எடுத்து உடுத்துவதில்லை. ‘முன்னாள் அமைச்சர்’ என்று போட வேண்டிய ஃப்ளெக்ஸில் ‘முன்னால் அமைச்சர்’ என்று அடித்து, அவரைப் பின்னால் நிற்கவே விடாமல் செய்கிறோம்.

சின்னவன் விண்ணப்பத்துக்கு வருகிறேன். கடைசியாக வேலை பார்த்த கம்பெனியை மட்டும் ‘ப்ரீவியஸ் எம்ப்ளாயர்’ என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் பார்த்த இரண்டும் ‘ஃபார்மர்’. அவர்கள் கேட்கும் ‘ப்ரையர் எக்ஸ்பீரியன்ஸ்’, இந்த வேலையில் காலை வைப்பதற்கு முன் இருந்தே ஆகவேண்டிய தகுதி. ஆகையால் அங்கே வருஷக்கணக்கை மட்டும் எழுதாமல், எந்த மெஷினில் என்ன வேலை என்று எழுத வேண்டும். எக்ஸ் எதுவும் வேண்டாம். கடைசியாக, சான்று சொல்பவர் என்ற இடத்தில் ‘மை லேட் மேனேஜர்’ என்று எழுதியிருக்கிறான். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன் ‘லேட்’ போடுகிறோமே, அதே லேட்தான் அது. அந்த மனிதர் ரிட்டயர் ஆனவர், தினமும் ராமநாயக்கன் ஏரிப் பக்கம் வாக்கிங் போகிறவர். இந்தக் கம்பெனிக்காரர்கள் சான்று சொல்பவரை உண்மையாகவே போனில் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவர் எடுத்துப் பேசிவிட்டால் சின்னவனுக்கு வேலை கிடைப்பது கஷ்டம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்.